அம்மா ஜெபத்தின் கடைசி வரி

மணிலாப் பயிர் பத்தி எழுதறேன்னு போன பதிவுல சொல்லியிருந்தேன். அது அடுத்த தடவை. இந்தத் தடவை வயல் விஷயம் கொஞ்சம், வேற விஷயம் நிறைய. சம்பா அறுப்பு முடிஞ்சு சென்னைக்குப் போன இடத்துல நடந்தது. எழுதலாமா வேண்டாமான்னு ஒரு மாசம் யோசிச்சேன். இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லைன்னு தோணினதால எழுதறேன்.

நாங்க மதுராந்தகம் பக்கம். தாத்தா காலத்துலேர்ந்து கிறிஸ்தவங்க. ஊர்ல ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கோயில், மாசம் ரெண்டு தடவை ஐயர் வருவார், மத்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியாரே ஆராதனை நடத்துவார். (வெளியூர் நண்பர்களுக்கு: எங்க பக்கம் பாதிரியாரை ஐயர்னுதான் சொல்லுவோம்.) அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா கேட்டுக் கேட்டே சங்கீதத்துல பாதி மனப்பாடம். வேதாகமத்துல ஒரு வார்த்தை மாத்தி வாசிச்சாக்கூட அடுப்படியிலேர்ந்து குரல் வரும்.

தம்பி அடையாறில் இருக்கான். அம்மாவுக்குக் கண்ணுல புரை, ஆபரேஷனுக்காக ரெண்டு மாசமா அங்கதான் இருந்தாங்க. ஊர்ப் பையன் ஒருத்தன் ஓட்டுற குட்டியானையில ரெண்டு மூட்டை அரிசி, கொஞ்சம் பச்சைப்பயறு போட்டுக்கிட்டு ஒரு சனிக்கிழமை போய்ச் சேர்ந்தேன். சாயங்காலம் தி.நகரிலிருந்து அக்காவும் மாமாவும் வந்தாங்க. எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து ரொம்ப நாள் ஆச்சு. சந்தோஷமாத்தான் இருந்தோம்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி குடும்ப ஜெபம். தம்பி மகன் ஒன்பதாவது படிக்கிறான். அவன் போன்லேர்ந்து மத்தேயு 6ஆம் அதிகாரம் வாசிச்சான். இயேசு சீஷர்களுக்குக் கத்துக்கொடுத்த ஜெபம் வர்ற இடம். தீமையிலிருந்து காப்பாத்துங்கற இடம் வந்ததும் அவன் அடுத்த வசனத்துக்குப் போயிட்டான். அம்மா விடலை. ராஜ்யம், வல்லமை, மகிமை எல்லாம் என்றைக்கும் உமக்கேன்னு முடியற வரியை அவங்களே சத்தமாச் சொல்லி முடிச்சுட்டு, "ஏன்டா கண்ணு பாதியில நிறுத்திட்ட?"ன்னு கேட்டாங்க.

"இதுல அவ்ளோதான் ஆயா இருக்கு."

"இல்லாம எங்க போச்சு?"

அதுக்குப் பையன் பதில் சொல்றதுக்குள்ள மாமா ஆரம்பிச்சுட்டார். அவர் பத்து வருஷமா வேற ஒரு சபைக்குப் போறவர். பழைய மொழிபெயர்ப்பைத் தவிர வேற எதையும் கையால தொடமாட்டார். "புது பைபிள்ல எல்லாம் வெட்டிட்டாங்க அத்தை. அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்துல 37ஆம் வசனத்தையே காணோம். 36க்கு அப்புறம் 38. 1 யோவான் 5:7ல பிதா, வார்த்தை, ஆவி மூணும் ஒண்ணுன்னு இருந்ததை எடுத்துட்டாங்க. இது சாத்தான் வேலை"ன்னார். தம்பி இன்ஜினியர், நிறைய வாசிக்கிறவன். "யாரும் எதையும் எடுக்கலை மாமா. பழைய கையெழுத்துப் பிரதிகள்ல அதெல்லாம் கிடையாது. பின்னாடி எழுதினவங்க சேர்த்தது. சேர்த்ததை விட்டுட்டாங்க, அவ்வளவுதான்"னான்.

சேர்த்தது, எடுத்தது, சேர்த்தது, எடுத்ததுன்னு ஒரு மணி நேரம். குழம்பு ஆறிப்போச்சு. மாமா சாப்பிடாமலே அக்காவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார்.

எல்லாரும் படுத்த பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாங்க. ஒரு கண்ணுல பச்சைத் துணி கட்டியிருந்தாங்க. "டேய், அறுபது வருஷத்துக்கு மேல அந்த ஜெபத்தைச் சொல்லியிருக்கேன். உங்கப்பன் சாகறப்ப அவர் காதுல சொன்னதும் அதான். கடைசி வரி பொய்யாடா?"

எனக்குப் பதில் தெரியலை. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். நாளைக்குச் சொல்றேம்மான்னு சொல்லிட்டுப் படுத்தேன். தூக்கம் வரலை.

மந்தைவெளியில எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கார். ஒண்ணாப் படிச்சோம். அவர் தமிழாசிரியரா இருந்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கர். மறுநாள் காலையில அவருக்குப் போன் பண்ணினேன். "நான் சாந்தோம் கோயிலுக்குப் பூசைக்குப் போறேன், நீயும் வா, அங்கயே உன் கேள்விக்குப் பாதி பதில் இருக்கு"ன்னார்.

சாந்தோம் கோயிலை வெளியில நின்னு பார்த்திருக்கேன், பூசையில உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அந்த ஜெபம் வந்துச்சு. எல்லாரும் சேர்ந்து சொல்றாங்க. தீமைங்கற இடத்துல சொல்லிவச்ச மாதிரி நிறுத்திட்டாங்க. அப்புறம் குருவானவர் மட்டும் தனியா ஒரு சின்ன வேண்டுதல் சொல்றார். அவர் முடிச்சதும் ஜனங்க எல்லாம் சேர்ந்து அம்மாவோட கடைசி வரியைச் சொல்றாங்க! வார்த்தை கொஞ்சம் வேற, விஷயம் அதேதான். சிநேகிதர் என்னைப் பார்த்துச் சிரிச்சார்.

வெளியே வந்து கடற்கரைப் பக்கம் உட்கார்ந்து விளக்கினார். எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

புதிய ஏற்பாடு கிரேக்கத்துல எழுதினது. எழுதினவங்க கைப்பட எழுதின மூலம் ஒண்ணுகூட இன்னைக்கு இல்லை. இருக்கிறதெல்லாம் நகலுக்கு நகல். கிரேக்கத்துல மட்டும் 5000க்கு மேல கையெழுத்துப் பிரதிகள் இருக்கு. ரெண்டு பிரதி அச்சா ஒண்ணு போல இருக்காது. முக்கால்வாசி எழுத்துப்பிழை, வார்த்தை முன்னே பின்னே. சில இடத்துலதான் முழு வரியே வித்தியாசம்.

முதல் முதலா அச்சுல வந்து விற்பனைக்குப் போன கிரேக்கப் புதிய ஏற்பாடு 1516ல, பாசல் நகரத்துல எராஸ்மஸ் போட்டது. அவர் கையில இருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிகள்தான், அதுவும் ரொம்பப் பழசு இல்லை. வெளிப்படுத்தின விசேஷத்துக்கு இருந்த ஒரே பிரதியில கடைசித் தாள் இல்லையாம், லத்தீன்லேர்ந்து அவரே கிரேக்கத்துக்குத் திருப்பி எழுதிக்கிட்டாராம். மாமா சொன்ன 1 யோவான் 5:7 வசனம் அவரோட முதல் ரெண்டு பதிப்புல இல்லை. ஏன் இல்லைன்னு சண்டை வந்த பிறகு, 1522ல வந்த மூணாவது பதிப்புல சேர்த்தார். அந்த வழியில வந்த அச்சுப் பிரதிகளை வச்சுத்தான் 1611ல இங்கிலீஷ் பைபிள் வந்துச்சு. நம்ம தமிழ் வேதாகமமும் ரொம்ப காலம் அந்த வழிதான்.

சீனாய் மலை அடிவாரத்து மடத்துல, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பிரதியை டிஷன்டார்ஃப் என்கிற ஜெர்மன்காரர் பார்த்தார். 1844ல கொஞ்சம் ஏடுகள், 1859ல பெரும்பகுதி. வத்திக்கான் நூலகத்துல அதே காலத்துப் பிரதி இன்னொண்ணு இருக்கு. இந்த ரெண்டுலயும் ஜெபத்தோட கடைசி வரி கிடையாது. மாற்கு சுவிசேஷத்துல கடைசி 12 வசனம் கிடையாது. விபசாரத்துல பிடிபட்ட பெண்ணைக் கல்லெறியக் கொண்டுவந்த கதை யோவானில் கிடையாது. 1881ல இங்கிலாந்துல வெஸ்ட்காட், ஹோர்ட்னு ரெண்டு பேர் இந்தப் பழைய பிரதிகளுக்கு முதலிடம் கொடுத்துக் கிரேக்கப் பதிப்பு போட்டாங்க. எங்க வீட்டுல சனிக்கிழமை ராத்திரி நடந்த சண்டை உலகம் பூரா அப்ப தொடங்கினதுதான்.

"அப்ப எங்க மாமா சொல்றது தப்பா?"ன்னு கேட்டேன்.

"அவசரப்படாதே. அவர் பக்கத்துலயும் கேள்வி இருக்கு"ன்னார். பழைய பிரதி ரெண்டு சொல்றதை நம்பறதா, பின்னாடி வந்த ஆயிரக்கணக்கான பிரதிகள் ஒரே குரல்ல சொல்றதை நம்பறதா? ஜனங்க தினமும் வாசிச்ச பிரதி தேய்ஞ்சு கிழிஞ்சு போயிருக்கும், யாரும் சீண்டாத பிரதிதான் அலமாரியில பத்திரமா இருந்திருக்கும்னு அவங்க கேக்கறாங்க.

எனக்கு அது சட்டுன்னு பிடிபட்டுச்சு. நல்ல விதைநெல்லைத் தேடித் தேடி விதைச்சுடுவோம். குதிர்ல மிஞ்சிக் கிடக்கிறது யாரும் விதைக்காததா இருக்கலாம். ஆனா இன்னொண்ணும் எனக்குத் தெரியும். வருஷா வருஷம் கை மாறி வர்ற விதையில கலவன் ஏறிக்கிட்டே இருக்கும். ஊரே ஒரே நெல்லு போட்டிருக்குங்கறதுக்காக அது கலப்பில்லாததுன்னு சொல்ல முடியாது. ஒரே வீட்டு விதை ஊர் பூராப் பரவியிருக்கலாம்.

அம்மா கையில வச்சிருக்கிற பழைய வேதாகமத்தைப் பத்தியும் சொன்னார். அதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். தமிழ்ல புதிய ஏற்பாடு முதல்ல அச்சானது தரங்கம்பாடியில, சீகன்பால்கு ஐயர் போட்டது, 1715ல முடிஞ்சது. அப்புறம் வேப்பேரியில இருந்த பப்ரிஷியஸ் ஐயரோட மொழிபெயர்ப்பு, புதிய ஏற்பாடு 1772ல. அப்புறம் திருநெல்வேலி ரேனியுஸ் ஐயர். 1850ல யாழ்ப்பாணத்துப் பெர்சிவல் ஐயர் கொண்டுவந்ததுல வேலை செஞ்சவர் சைவரான ஆறுமுக நாவலர். இதையெல்லாம் பார்த்து, பல சபைகளும் சேர்ந்து, ஹென்றி பவர் ஐயர் தலைமையில திருத்தி 1871ல கொண்டுவந்ததுதான் நாம 'பழைய திருப்புதல்'னு சொல்றது. அது வந்தப்ப அதுவும் புதுசுதான். லுத்தரன் சபைக்காரங்க பப்ரிஷியஸ் மொழிபெயர்ப்பை விட மனசில்லாம ரொம்ப காலம் அதையே வச்சிருந்தாங்களாம். அன்னைக்கும் எத்தனை வீட்டுல குழம்பு ஆறிச்சோ.

1871ன்னா கணக்குப் பாருங்க. 1881க்குப் பத்து வருஷம் முன்னாடி. பழைய பிரதிகள் பத்தின விவாதம் முழுசா வெடிக்கிறதுக்கு முன்னாடியே நம்ம பைபிள் அச்சுக்குப் போயிடுச்சு. அதனாலதான் கடைசி வரி அம்மா பைபிள்ல இருக்கு.

திங்கட்கிழமை காலையில சிநேகிதர் பெசன்ட் நகருக்கு, உ.வே.சாமிநாதையர் நூலகத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். தமிழ்த் தாத்தா மறைஞ்ச மறுவருஷம், 1943ல, ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கினது. வாழ்க்கையில முதல் தடவையா ஓலைச்சுவடியைக் கிட்டத்துல பார்த்தேன். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் இடைவெளி கிடையாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி. நம்ம ஊர்ச் சோளக்கொல்லையில மழை பேஞ்ச மாதிரி ஒரே கோடு. இதைப் பார்த்து இன்னொருத்தர் நகல் எடுத்தா பிழை வராம எப்படி இருக்கும்?

ஐயர் சீவக சிந்தாமணிக்கு ஊர் ஊராச் சுவடி தேடி, ஒப்பிட்டுப் பார்த்து 1887ல பதிப்பிச்சார். கும்பகோணத்துல ஜைனர் வீட்டுக்குப் போய் அர்த்தம் கேட்டுக்கிட்டார். சைவர் ஒருத்தர் ஜைன நூலுக்கு அத்தனை பாடுபட்டார். இன்னொண்ணு தெரியுமா? அதுக்கு 19 வருஷம் முன்னாடி, 1868ல, சிந்தாமணியோட முதல் பகுதி நாமகளிலம்பகத்தை உரையோட அச்சுல கொண்டுவந்தவர் யாருன்னா, அதே ஹென்றி பவர் ஐயர்! நம்ம பைபிளைத் திருத்தினவர். ரெண்டு வேலையும் அவருக்கு ஒரே வேலையாத்தான் தெரிஞ்சிருக்கும்னு சிநேகிதர் சொன்னார்.

"சுவடிக்குச் சுவடி வித்தியாசம் வந்தா சாமிநாதையர் என்ன செஞ்சார்?"னு கேட்டேன்.

"ஒண்ணை மேல போட்டார். மத்ததைப் பிரதிபேதம்னு கீழே போட்டார். தூக்கி எறியலை. இப்ப வர்ற பைபிள்களும் அதைத்தான் செய்யுது. உன் தம்பி மகன் போன்ல கீழே சின்ன எழுத்துல இருக்கும், பையன் வாசிச்சிருக்க மாட்டான்"ன்னார்.

அப்புறம் அவர் சொன்ன ரெண்டு விஷயத்தைக் காகிதத்துல எழுதி வாங்கிக்கிட்டேன். ஒண்ணு, டிடாக்கேன்னு ஒரு சின்ன நூல். ஆதி சபையில ஜெபம், ஞானஸ்நானம் எல்லாம் எப்படிச் செய்யணும்னு சொல்றது. முதல் நூற்றாண்டு முடிவிலயோ ரெண்டாவது நூற்றாண்டுலயோ எழுதினதுன்னு சொல்றாங்க. அதுல இந்த ஜெபம் வருது, கடைசியில வல்லமையும் மகிமையும் உமக்கேங்கற முடிவோட. அப்படின்னா அந்த வரியை மத்தேயு எழுதினாரோ இல்லையோ, ஜனங்க அவ்வளவு பழைய காலத்துலயே ஜெபத்தை அப்படித்தான் முடிச்சிருக்காங்க. ரெண்டு, 1 நாளாகமம் 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனம். தாவீது ராஜா வயசான காலத்துல ஆலயத்துக்குக் காணிக்கை சேர்த்துக் கொடுத்துட்டுச் சொன்ன ஜெபம். மகத்துவம், வல்லமை, மகிமை, ராஜ்யம் எல்லாம் உம்முடையதுன்னு சொல்றார். அந்த வசனத்தை யாரும் எந்த பைபிள்லேர்ந்தும் எடுக்கலை.

இங்க எங்க வீட்டுக் கிணத்துக் கதையைச் சொல்லணும். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

தாத்தா போனதும் அப்பாவும் சித்தப்பாவும் நிலத்தைப் பிரிச்சு, 1958ல கூர்ச்சீட்டு எழுதினாங்க. அசல் பெரிய அத்தை வீட்டுப் பெட்டியில போயிடுச்சு. எங்ககிட்ட இருந்தது 1981ல ஊர் எழுத்தர் ஒருத்தர் எடுத்துக் கொடுத்த நகல். கிணறு எங்க பாகத்துல இருக்கு, ஆனா தண்ணி ரெண்டு வீட்டுக்கும் மூணு மூணு நாள் முறைன்னு நகல்ல ஒரு வரி. அப்படியே இறைச்சுக்கிட்டிருந்தோம். 2019ல, உங்க சென்னையே லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்ன வருஷம், எங்க கிணறும் அடி தெரிஞ்சுது. அதே வருஷம் அத்தை வீட்டை இடிச்சப்ப பெட்டியில அசல் கிடைச்சுது. பார்த்தா, அசல்ல அந்த வரி இல்லை! ஓரத்துல மட்டும் பென்சில்ல, அப்பா கையெழுத்துல, 'கிணறு முறை'ன்னு ரெண்டு வார்த்தை. எழுத்தர் அதை ஒரு வரியா விரிச்சு உள்ளே சேர்த்துட்டார்.

சித்தப்பா மகனோட தண்ணியை நிறுத்திடலாம்னு நினைச்சேன். அசல் என் கையில இருக்கு, கேக்க யார் இருக்கா? அம்மாகிட்ட சொன்னேன். அம்மா முறத்தைக் கீழே வச்சுட்டு, "காகிதத்துல இல்லாட்டி என்ன? உங்கப்பன் வாயில இருந்துச்சு. அதை வச்சு நாப்பது வருஷம் ரெண்டு குடும்பம் சோறு தின்னுச்சு. மோட்டாரை நிறுத்தினே, நான் அந்த வீட்டுக்குப் போயிடுவேன்"ன்னாங்க. நான் நிறுத்தலை.

பெசன்ட் நகர்லேர்ந்து திரும்பி வர்ற வழியில இதுதான் ஞாபகம். அசல்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு கேட்டா, தம்பி சொல்றதுதான் சரி. ஓரத்துல எழுதினதை உள்ளே சேர்த்தது சேர்த்ததுதான். அதை ஒத்துக்கலைன்னா நாளைக்கு எவனோ ஒருத்தன் நகல்ல சர்வே நம்பரை மாத்தினாலும் நாம வாயை மூடிக்கிட்டு இருக்கணும். 1 யோவான் வசனமும் எனக்கு அப்படித்தான் படுது. நல்ல விஷயத்தைச் சொல்லுதுங்கறதுக்காகச் சேர்த்தது அசல் ஆயிடாது. ஆனா சேர்ந்த வரி எல்லாம் பொய்யும் இல்லை. கல்லெறிய வந்தவங்க ஒவ்வொருத்தரா நழுவிப் போன அந்தக் கதையை, பழைய பிரதியில இல்லைன்னு எந்த உபதேசியார் சொல்லாம விடுவார்?

அன்னைக்கு மத்தியானம் கண்ணாஸ்பத்திரியில வரிசையில உட்கார்ந்திருந்தப்ப அம்மாகிட்ட சொன்னேன். "அந்த வரி மத்தேயு எழுதினது இல்லைன்னு படிச்சவங்க சொல்றாங்கம்மா. ஆனா அது தாவீது சொன்ன ஜெபத்துல இருக்கு. ஆதி சபை ஜனங்க ஜெபத்தை அப்படி முடிச்சாங்க. நீ சொன்னது பொய் இல்லை."

அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ஜெபம் பண்ணினவங்க சேர்த்ததா?"ன்னாங்க.

"ஆமாம்மா."

"அப்ப சரி. நானும் ஜெபம் பண்றவதானே"ன்னு சொல்லிட்டு, "இதை உங்க மாமாகிட்டயும் சொல்லு. தம்பிகிட்டயும் சொல்லு. ரெண்டு பேரும் சாப்பிடாம எழுந்திரிக்கக் கூடாது"ன்னாங்க.

மாமாகிட்ட சொன்னேன். அவர் ஒத்துக்கலை. "மாப்ள, நீ நல்லவன், உன்னை ஏமாத்திட்டாங்க"ன்னார். ஆனா எங்க ஊர் அறுப்பின் பண்டிகைக்கு வந்தார். சிநேகிதர் வீட்டுல பார்த்த திருவிவிலியத்தைப் பத்திச் சொன்னேன். கத்தோலிக்கரும் மத்த சபையாரும் சேர்ந்து, எங்களுக்குப் பக்கத்துத் திண்டிவனத்துல வேலை நடந்து, 1995ல வந்தது. அது பேரைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கிட்டார். தம்பியோட பேசினார், மழை பத்தியும் பெட்ரோல் விலை பத்தியும் மட்டும்.

அம்மா இப்ப ஊருக்கு வந்துட்டாங்க. பள்ளிக்கூட லீவுக்குத் தம்பி மகனும் வந்திருக்கான். ராத்திரி அவன்தான் வாசிக்கிறான், அதே போன்லேர்ந்து. ஜெபம் வந்தா தீமைங்கற இடத்துல நிறுத்திட்டு ஆயா முகத்தைப் பார்க்கிறான். அம்மா கடைசி வரியைச் சொல்றாங்க. அவன் காத்திருந்து ஆமென் சொல்றான்.

இன்னைக்குக் கிணத்துல சித்தப்பா வீட்டு முறை. மோட்டார் சத்தம் கேக்குது. மணிலா அடுத்த பதிவுல, நிச்சயமா.